இரண்டு பேருக்கு ஒரு சேலை

என்னைக் கட்டிக்கொடுத்த இடம் ஊர் இல்லை. சித்தன்னவாசலைத் தாண்டி மேற்கே நடந்தால் மொட்டைப் பாறைக் குன்றுகளாக வரும். அதில் இரண்டு குன்றுகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இடத்தில் ஒரு பள்ளம். அதற்குள் ஒரு சுனை, சூரையும் காரையுமாக முள்ளுக்காடு, ஒரு கூரை வீடு, முள் வைத்து அடைத்த ஓர் ஆட்டுப்பட்டி. அங்கே நான், என் வீட்டுக்காரர், அவருடைய தாயார் என்று மூன்று பேர். மற்றதெல்லாம் ஆடுகள்.

மாமியார் எனக்கு அந்நியம் இல்லை. என் அப்பாவின் கூடப்பிறந்த அக்காள்தான். சின்ன வயதிலேயே தாலி அறுத்தவர். அப்பாவும் முன்னே ஆடு மேய்த்தவரே. ஆலங்குடிப் பக்கம் கொஞ்சம் செம்மண் காடு அமைந்தது; ஆடுகளை விற்றுவிட்டுக் கடலை போட்டு, வெள்ளாமை பார்க்கும் சம்சாரியாகிவிட்டார். அக்காள் வீடு மலையிலேயே நின்றுவிட்டது.

அத்தை பெண் கேட்டு வந்தபோது அப்பா உடனே தலையாட்டவில்லை.

“அங்கிட்டு வந்தா எம் மக ஆட்டோட ஆடால்ல கெடக்கணும்” என்றார்.

அத்தைக்கு முகம் கறுத்துவிட்டது. “ஒம் மகளுக்கு ஒரு கொறையும் வராது தம்பி. வந்துச்சுன்னா, நான் ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்” என்றார்.

அந்தச் சொல்லோடு என்னை அழைத்துக்கொண்டு வந்தார்.

பொழுது விடிந்தால் முதல் வேலை, கூடை போட்டுக் கவிழ்த்து வைத்திருக்கும் குட்டிகளைத் திறந்து தாயிடம் விடுவது. எந்தக் குட்டி எந்தத் தாயுடையது என்று முதல் வருஷம் எனக்குத் தெரியவில்லை. மாற்றி விட்டால் தாயாடு முட்டித் தள்ளிவிடும். அத்தை வந்து குட்டியின் காதைப் பிடித்துத் தூக்கிச் சரியான மடியில் விடுவார். வெயில் ஏறுமுன் என் வீட்டுக்காரர் மந்தையை ஓட்டிக்கொண்டு குன்றின் பின்பக்கம் போய்விடுவார். நானும் அத்தையும் பட்டியைக் கூட்டி, புழுக்கையை அள்ளிக் குவித்து, வெள்ளாட்டுப் பாலைத் தோய்த்து மோர் கடைவோம். வாரத்தில் இரண்டு முறை அத்தை மோர்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு கணவாய் ஏறி அந்தப் பக்கத்து ஊருக்குப் போவார். கேப்பையோ வரகோ வாங்கி வருவார். அறுப்பு முடிந்த மாதங்களில் மந்தையைக் கீழே இறக்கி, சம்சாரிகளின் வயல்களில் ராத்திரி அடைத்துப் போடுவோம். ஆட்டு எரு வயலுக்கு, தானியம் எங்களுக்கு. மழை பிடித்ததும் மறுபடி மேலே வந்துவிடுவோம்.

வயிற்றுக்குக் குறை இருந்ததில்லை. குறை வந்தது துணியில்.

உலக யுத்தம் நடந்த சண்டைக் காலம் அது. நூல் வரவில்லை என்று நெசவுக்காரர்கள் தறியை மடக்கிவிட்டார்கள். டவுன் கடைகளில் துணி கிடையாது, கண்ட்ரோல் கடையில் கார்டுக்குத்தான் துணி. கார்டு வேண்டுமென்றால் ஏதாவது ஓர் ஊரில் வீடு இருக்க வேண்டும். எங்கள் பள்ளத்தைக் கிழக்கே உள்ள ஊரும் தன்னுடையது என்று சொல்லவில்லை, மேற்கே உள்ள ஊரும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் புதுக்கோட்டைக்குப் போய் நாள் முழுக்க வரிசையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு வருவார். திரும்பி வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் நேரே பட்டிக்குள் போய் ஏதாவது ஓர் ஆட்டின் குளம்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

எனக்கு இருந்தது மூன்று சேலை. இரண்டு முள்ளில் கிழிந்து, ஒட்டுப் போட்டு, ஒட்டின்மேல் ஒட்டுப் போட்டு, கடைசியில் பிடித்த இடமெல்லாம் கையோடு வந்தது. மூன்றாவது என் கூறைச்சேலை. அதை ஒருநாள் துவைத்துப் பாறையில் காயப்போட்டுவிட்டு விறகு பொறுக்கப் போனேன். வந்து பார்த்தால் இரண்டு வெள்ளாடுகள் முந்தியிலிருந்து பாதி வரைக்கும் சவைத்துத் தின்றுகொண்டிருந்தன. வாயில் இருந்ததைப் பிடுங்கினேன். எச்சிலும் நூலுமாக வந்தது. மிச்சம் இருந்ததை இடுப்பில் சுற்றிக்கொண்டு கொஞ்ச காலம் ஓட்டினேன். அதுவும் போயிற்று.

அத்தையிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சேலை. அதை அவிழ்த்து என் மடியில் போட்டார்.

“கட்டிக்க. இந்தக் காட்டுக்குள்ள எவன் பார்க்கப் போறான்?”

“நான் எப்படி அத்தை வெள்ளையக் கட்டுறது? அவுக நல்லா இருக்கையில...”

“அம்மணமா நிக்கிறதுக்கு இது மேலு.”

அதை ஆவாரம்பட்டையில் முக்கிச் சாயம் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். முடியாது. மோர் விற்க ஊருக்குள் போகிறவர் அத்தை. அறுத்தவள் சாயச் சேலை கட்டிப் போனால் ஊர் வாய் சும்மா இருக்காது. ஆகவே அந்த ஒரு வெள்ளைச் சேலையை இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கட்டினோம். ஒருத்தி வெளியே போனால் மற்றவள் ஆட்டுமயிர்க் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் இருப்பாள். சித்திரை வெயிலில் கம்பளி உடம்பெல்லாம் குத்தும், வேர்க்கும், அரிக்கும். முதன்முதலில் வெள்ளையைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரருக்குக் கஞ்சி ஊற்றினேன். அவர் கலயத்தை வாங்கிக்கொண்டு வெளியே போய் வேலிப்பக்கம் திரும்பி உட்கார்ந்து குடித்தார். நாளாக ஆகப் பழகிப்போயிற்று. மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம். நெற்றியில் குங்குமமும் கழுத்தில் தாலியுமாக நான் வெள்ளையில் நடமாடுவது எங்கள் கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது.

பிறந்த வீட்டுக்குச் சொல்லியனுப்பியிருக்கலாம். அத்தை சொன்ன சொல் தெரிந்தவள் நான். சொல்லவில்லை.

ஒருநாள் காலை நான் சுனையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன். என் முறை, அதனால் சேலை என்மேல் இருந்தது. அத்தை கம்பளியோடு வீட்டுக்குள் இருந்தார். குடத்தை இடுப்பில் ஏற்றி நிமிர்ந்தபோது கணவாயின் மேலே ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு பை. நிற்கிற சாயலிலேயே தெரிந்துவிட்டது, என் அண்ணன்.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ‘இந்தக் கோலத்திலா’ என்று மட்டும் தோன்றியது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். பட்டிக்குள் புகுந்து, படலுக்குப் பின்னால் குட்டிகளுக்கு நடுவில் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். குட்டிகள் என் விரலைச் சப்பின. அண்ணன் இறங்கி வருவான், அத்தை எதையாவது சொல்லிச் சமாளிப்பார், அதற்குள் கம்பளியை வாங்கிச் சுற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவன் வரவில்லை. வெகுநேரம் கழித்துப் படலின் சந்து வழியாகப் பார்த்தேன். கணவாயில் ஆளில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். அவர் தொரட்டியைக் கூரையில் செருகிவிட்டு நின்றார்.

“இம்புட்டுத் தூரம் வந்தவரு இறங்காமப் போயிட்டாரா?”

“ஆமா.”

“துணிக்கு வழியில்லாத வீட்டுல கை நனைக்கிறது கேவலம்னு நெனச்சிருப்பாரு. நெனைக்கட்டும்.”

“அப்படியெல்லாம் நெனைக்கிற ஆளு இல்ல அது” என்றேன். என் குரலிலேயே நம்பிக்கை இல்லை. அத்தை அடுப்பைப் பார்த்தபடி இருந்தார். நான் பார்த்தவரையில் அன்று அவர் சாப்பிடவில்லை.

ஒருநாள் விட்டு மறுநாள், உச்சிப்பொழுதுக்கு முன்னால், கணவாய்ப் பக்கத்திலிருந்து ஒப்பாரிச் சத்தம் கேட்டது. பாறைகளுக்கு நடுவில் அந்தச் சத்தம் திரும்பித் திரும்பி அடித்தது. நான்கைந்து பேர் அழுவது நாற்பது பேர் அழுவது போல இருந்தது. அன்று வெள்ளை அத்தையிடம் இருந்தது. நான் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் கேப்பை திரித்துக்கொண்டிருந்தேன். வாசல் ஓலையை விலக்கிப் பார்த்தேன். முன்னால் அப்பா, அண்ணன். பின்னால் அம்மாவும் இரண்டு சித்திமாரும் மார்பில் அடித்துக்கொண்டு இறங்கி வருகிறார்கள்.

என் பிறந்த வீட்டில் யாரோ போய்விட்டார்கள், சேதி சொல்ல வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். என் தங்கைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்த மாத்திரத்தில் எனக்கும் அழுகை பீறிட்டது. அம்மா உள்ளே நுழைந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். “இந்த வயசுலயா ஒனக்கு இந்தக் கதி” என்று அவள் அழுதாள். எனக்கு எதுவும் விளங்கவில்லை. வெளியே அத்தை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பது காதில் விழுந்தது.

“யாருடா தம்பி போனது? சொல்லுடா!”

“யாருன்னு என்கிட்டயா கேக்குற? ஒத்த மகனைத் தூக்கிக் குடுத்திருக்க, மாமன்காரன் எனக்கு ஒரு சேதி சொல்லிவிடக் கூடாதா? நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?”

அதே நேரத்தில் அம்மாவின் கை என் கழுத்தைத் தடவியது. தாலிக்கயிறு தட்டுப்பட்டது. முகத்தை நிமிர்த்தி என் நெற்றியைப் பார்த்தாள். காலையில் வைத்த குங்குமம் வேர்வையில் கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது. அழுகை அப்படியே நின்றுவிட்டது அவளுக்கு.

குன்றின் பக்கமிருந்து கல் உருளும் சத்தம் கேட்டது. மந்தையை விட்டது விட்டபடி போட்டுவிட்டு என் வீட்டுக்காரர் பாறைச் சரிவில் ஓடிவந்துகொண்டிருந்தார். முழங்காலில் ரத்தம். மூச்சு வாங்க முற்றத்தில் வந்து நின்றார். சித்தி ஒருத்தி அலறி உட்கார்ந்துவிட்டாள். அப்பா இரண்டடி பின்னால் போனார்.

“மாப்ள...” என்றார். 

அண்ணன்தான் திணறித் திணறிச் சொன்னான். என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வெற்றிலை பாக்கும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு முதல் அழைப்பு வைக்க வந்திருக்கிறான். கணவாயில் நின்று பார்த்தால் சுனையில் பெரிய தங்கச்சி வெள்ளைச் சேலையில் நிற்கிறாள். அண்ணனைக் கண்டதும் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி ஒளிகிறாள்.

“மங்கலச் சாமானக் கையில வச்சுக்கிட்டு எழவு வீட்டுக்குள்ள எப்படி இறங்குறது? அந்தப் பாறையிலயே உக்காந்து அழுதேன். அழுதுட்டு ஓடிப்போயிக் கரியில ஓடுற பஸ்ஸப் புடிச்சு ஊருக்குப் போனேன். எங் கண்ணால பார்த்தேன் அத்தை. வெள்ளைச் சேலை...”

சொல்லிக்கொண்டே வந்தவன் அத்தையின் உடம்பில் இருந்த சேலையைப் பார்த்தான். ஓலைக்குப் பின்னால் கம்பளியோடு நின்ற என்னைப் பார்த்தான். பாதியில் நிறுத்திவிட்டான். யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. எல்லாரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள்.

அப்படி ஒரு பார்வையை அவர் மேல் அதற்கு முன் யாரும் வைத்ததில்லை. ஓநாயைக் கம்பால் அடித்து விரட்டிய மனிதர். என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்புத் துண்டை அவிழ்த்து முழங்கால் ரத்தத்தைத் துடைத்தார். அந்தத் துண்டும் கந்தல்தான். அது மற்றவர்கள் கண்ணில் படுகிறது என்று தெரிந்ததும் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“சொல்லிவிட்டிருக்கக் கூடாதா மாப்ள?” என்று அப்பா மெதுவாகக் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

“ஆடு தனியாக் கெடக்கு மாமா” என்றார். திரும்பி வந்த வழியே ஏறிப் போய்விட்டார்.

அம்மாவின் கக்கத்தில் ஒரு மூட்டை இருந்தது. அது நழுவி அவிழ்ந்து தரையில் விழுந்தது. புதுச் சேலை, வெள்ளை. தாலி அறுக்கிறவளுக்குப் பிறந்த வீட்டார் போடும் கோடி. துணி கிடைக்காத அந்தக் காலத்தில் எந்தக் கடைக்காரரின் காலைப் பிடித்து வாங்கினார்களோ. கஞ்சி வாடை கூடப் போகவில்லை. அதைக் கண்டதும் முதலில் என் மனசில் வந்தது பயம் இல்லை. கிழிசல் இல்லாத துணி, எவ்வளவு நாளாயிற்று இப்படி ஒன்றைப் பார்த்து என்றுதான் வந்தது. அடுத்த கணம் உடம்பு கூசிப்போயிற்று. என் தாலி போனதற்கென்று வந்த துணி அது.

“சனியனத் தூக்கி நெருப்புல போடுங்க” என்று அம்மா கத்தினாள்.

அத்தை குனிந்து எடுத்தார். “நெருப்புல போடுறதுக்கா துணி?”

“அக்கா, அது ஒம் மகனுக்கு...” என்று அப்பா தடுத்தார்.

“தெரியுதுடா. எம் மகன் செத்ததுக்குக் கொண்டாந்தது. அவன்தான் சாகலையே.” அத்தை தன் மேல் கிடந்த சேலையைத் தொட்டுக் காட்டினார். “இது என்னன்னு தெரியுதா ஒனக்கு? எம் மகனோட அப்பா போனப்ப நீ எனக்குப் போட்ட கோடி. மத்ததெல்லாம் கிழிஞ்சப்பறம் பொட்டியிலருந்து எடுத்துக் கட்டுறது இதுதான். போன வருஷத்துலருந்து ஒம் மகளுக்கும் இதுதான். ரெண்டாவது ஒண்ணு எனக்குப் போட்டதா நெனச்சுக்க. ஒம் மகளுக்குக் கொறை வராதுன்னு சொல்லிட்டு வந்தவ நான். எனக்கு வேணும் இது.”

பெற்ற பிள்ளையின் சாவுக்கு வந்த துணியை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டு, எங்கள் எல்லாருடைய கண்ணெதிரே வெளியே வந்தார்.  அப்பா வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் போய் நின்றார்.

பிறகு அம்மா என்னிடம் கத்தரி கேட்டாள். எங்களிடம் இருந்தது ஆட்டுமயிர் வெட்டும் பெரிய கத்தரிதான். அவள் கட்டியிருந்தது பழைய நாட்டுச் சேலை, நல்ல நீளம். வீட்டுக்குள் வந்து அதை அவிழ்த்து, சித்திமார் இரண்டு முனையையும் பிடிக்க, குறுக்கே வெட்டினாள். ஒரு பாதியை எனக்குக் கட்டிவிட்டாள். மறுபாதியைத் தான் சுற்றிக்கொண்டாள். அது அவளுக்குக் கணுக்காலுக்கு எட்டவில்லை. மாராப்பை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“அம்மா, நீ எப்படி பஸ்ல போவ?”

“வயசான கட்டை. என்னய யாரு பார்க்கப் போறா?” என்றாள். அவளுக்கு அப்போது நாற்பது கூட ஆகியிருக்காது.

போகும்முன் ஒரு காரியம் செய்தாள். குன்றின்மேல் அண்ணனை அனுப்பி மருமகனை அழைத்துவரச் சொன்னாள். உயிரோடு இருக்கிறவருக்கு அழுதாகிவிட்டது, தோஷம் கழிக்க வேண்டும் என்றாள். சுனையடியில் அவரை நிறுத்தித் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, உப்பைச் சுற்றிப் போட்டாள். குளிப்பாட்டக் கொண்டுவந்த கிடாவைப் போல அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்.  அவர்கள் கணவாய் ஏறிப் போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பாறையில் கால் எட்டி வைக்கும்போதெல்லாம் அம்மா அந்தப் பாதிச் சேலையைப் பின்னால் கையால் பிடித்துக்கொண்டே ஏறினாள். அப்பா அவளுக்குப் பின்னால், மற்றவர்கள் பார்வை விழாமல் மறைத்தபடி ஏறினார்.

தங்கை கல்யாணம் தள்ளிப்போய் ஒரு மாதம் கழித்து நடந்தது. அத்தை வரவில்லை. மந்தையைப் பார்க்க ஆள் வேண்டும் என்றார். வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று அப்பாவிடம் சொன்ன சொல்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரும் வருவதாக இல்லை. ஒரு நல்ல கிடாவைப் பிடித்து என்னோடு அனுப்பத்தான் பார்த்தார். நான் அழுததால் வந்தார்.

பந்தலில் கால் வைத்ததும் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எல்லாரும் கேட்கும்படி, “இவருதானா செத்துப்போனவரு? நல்லாத்தானய்யா இருக்காரு!” என்றார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. இன்னொருவர் கிட்டே வந்து அவர் கையைக் கிள்ளிப் பார்த்தார். “ஆயுசு கெட்டிய்யா ஒனக்கு” என்றார் வேறொருவர். என் வீட்டுக்காரரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அவருக்கு அப்படிச் சிரித்துப் பழக்கமில்லை. வாய் மட்டும் திறந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிப் பக்கம் போய்விட்டேன். அங்கே பெண்கள் என் பாதிச் சேலையையும், மாற்று இல்லாமல் அம்மா கட்டியிருந்த பாதிச் சேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள்.

புறப்படும் நேரத்தில் தங்கை தனக்கு வந்த சேலைகளில் ஒன்றை என் கையில் திணித்தாள். வேண்டாம் என்று தள்ளினேன்.

“வாங்கிக்க” என்றார் என் வீட்டுக்காரர், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வருகையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதுதான் அவர் அதைப் பற்றி முதன்முதலாகப் பேசினார்.

“அன்னக்கி மேல நின்னுக்கிட்டு இருக்கையில அழுகுற சத்தம் கேட்டுச்சு. நீதான் சுனையில விழுந்துட்டியோன்னு ஓடியாந்தேன். வாசல்ல ஒன்னய உசுரோட பார்த்தேன். சந்தோஷமா இருந்துச்சு. கொஞ்ச நேரந்தான். அதுக்குள்ள எல்லாரும் என்னயத் திரும்பிப் பார்த்தாக.”

  அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

பள்ளத்தில் இறங்கியபோது பொழுது சாயவில்லை. அத்தை மந்தையை முன்னதாகவே அடைத்துவிட்டு, கால் ஊனமான ஒரு குட்டிக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தார்.

“கல்யாணம் நல்லா நடந்துச்சா?”

“நல்லா நடந்துச்சு ஆத்தா” என்றார் என் வீட்டுக்காரர். “எல்லாரும் மரியாதையாத்தான் நடத்துனாக.”

அத்தை என் முகத்தைப் பார்த்தார். “ஆமா அத்தை, ரொம்ப மரியாதை” என்றேன் நானும்.

“அது போதும்” என்று சொல்லிவிட்டு, குட்டியின் வாயில் மறுபடியும் விரலை வைத்தார். என் வீட்டுக்காரர் பட்டிக்குள் போய், எந்த ஆடாவது நொண்டியதா என்று கேட்டபடி ஒவ்வொன்றாகக் குளம்பைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார்.